ஒரு வார சார்ட்டருக்கு நடுத்தரப் பாய்மரப் படகு: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

36 அடியிலிருந்து 46 அடி வரை நீளமுள்ள, உள்ளேயே படுக்க, சமைக்க, குளிக்க வசதி கொண்ட பாய்மரப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்க (இதுதான் சார்ட்டர்) நினைப்பவர்களுக்கான பக்கம் இது. படகுக்கும் அதிலிருப்பவர்களுக்கும் பொறுப்பானவர் ஸ்கிப்பர். ஸ்கிப்பர் இல்லாமல் வெறும் படகை மட்டும் எடுப்பது பேர்போட். மெரினா என்று இங்கே வருவது படகுகள் கட்டி நிற்கும் சிறு துறைமுகம், நம் கடற்கரை அல்ல.

சென்னையிலேயே ஒன்றை எடுத்து மாமல்லபுரம், பாண்டிச்சேரி என்று சுற்ற முடியாதா?

ஒரு வார விடுமுறைக்கு ஏற்ற கரை இது அல்ல. சோழமண்டலக் கரை கோடு கிழித்தாற்போல நேராக ஓடுகிறது. காற்றுக்கு ஒதுங்க ஒரு குடாவோ தீவோ கிடையாது. சென்னைத் துறைமுகமே அலைதடுப்புச் சுவர் எழுப்பி உண்டாக்கியதுதான். சார்ட்டர் விடுமுறையின் சுகமே சாயங்காலம் ஒரு ஒதுக்குப்புறத்தில் நங்கூரம் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவது. திறந்த கடலில் நங்கூரம் போட்டால் ராத்திரி முழுக்க அலை புரட்டியெடுக்கும்.

பாய் ஓட்டக் கற்றுக்கொள்ள சென்னை நல்ல ஊர். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது. டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் பாய் ஓட்டிய நேத்ரா குமணன் சென்னைக்காரர்தான். ஆனால் அவர் ஓட்டியது 4.23 மீட்டர் நீளமுள்ள ஒற்றை ஆள் படகு. அந்தப் பழக்கம் காற்றைப் படிக்கச் சொல்லித்தரும். எட்டு டன் எடையுள்ள படகைப் பின்பக்கமாகக் கொண்டுபோய்த் துறையில் ஒட்டி நிறுத்தச் சொல்லித்தராது.

எந்த மாதம், எந்தக் கடல்?

படகைத் தேடுவதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். கடல் மாறினால் படகும் மாறும்.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறை நமக்கு உண்மையில் தோதாகவே அமைந்திருக்கிறது. மே மாதத்தில் கிரீஸின் அயோனியத் தீவுகளும் குரோஷியாவும் நல்ல தேர்வு. ஐரோப்பியப் பள்ளிகளுக்கு அப்போது கோடை விடுமுறை கிடையாது. ஜூலை, ஆகஸ்ட் வாடகையில் ஏறக்குறைய பாதிக்கே படகு கிடைக்கும். ஒரே குறை, தண்ணீர் 18 முதல் 20 டிகிரிதான் இருக்கும். நம்மூர்க் கடலில் குளித்தவர்களுக்கு அது ஐஸ். காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜையை ஒட்டிப் போனால் அதே இடங்களில் கடல் இன்னும் சூடாக இருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும்.

அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் ஃபூக்கெட், லங்காவி. நமக்கு மழையைக் கொட்டும் அதே வடகிழக்குப் பருவக்காற்று அங்கே நிலத்தைக் கடந்து வருவதால் காய்ந்து வருகிறது. மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வானம் தெளிந்து, அலை அடங்கியிருக்கும். சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் மட்டும் வாடகை எகிறும். பொங்கல் வாரம் மலிவு.

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலுக்கு, அதாவது சான்டோரினி, மைக்கோனோஸ் பக்கம், முதல் முறையாகப் போகாதீர்கள். மெல்தெமி என்ற வடகாற்று வானம் நீலமாக இருக்கும்போதே, காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 5 முதல் 7 வரை நாள்கணக்கில் அடிக்கும். 7 என்றால் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். போஸ்டரில் பார்த்த வெள்ளை வீடுகளுக்காக இந்தக் காற்றில் போய் மாட்டிக்கொண்டு மூன்று நாள் ஒரே துறையில் கட்டிக்கிடப்பது சர்வசாதாரணம். அயோனியப் பக்கம் காலையில் காற்றே இருக்காது. மதியத்துக்கு மேல் 3 முதல் 5 வரை எழுந்து, பொழுது சாய்ந்தால் படுத்துவிடும். குடும்பத்துக்கு அதுதான் சரி.

செஷல்ஸ் அழகு. ஆனால் மாஹேயிலிருந்து பிராலினுக்குப் போவது 20 கடல் மைலுக்கு மேல் திறந்த கடல். மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களைப் பாருங்கள்.

நாங்கள் எட்டுப் பேர். எத்தனை அடிப் படகு வேண்டும்?

அடியை விடுங்கள், கேபினை எண்ணுங்கள். விளம்பரத்தில் ‘8+2’ என்று போட்டிருந்தால், நான்கு கேபினில் இருவர் இருவராக எட்டுப் பேர், ஹாலில் சாப்பாட்டு மேஜையை இறக்கிப் படுக்கையாக்கினால் இன்னும் இருவர் என்று அர்த்தம். அந்த ‘+2’ஐ அழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஹாலில் படுப்பவர் எல்லோரும் தூங்கிய பிறகு படுத்து, முதல் காபி போடும்போது எழுந்தாக வேண்டும்.

ஸ்கிப்பர் வைத்தால் அவருக்கும் ஒரு கேபின் போகும். ஆகவே எட்டுப் பேரும் ஒரு ஸ்கிப்பரும் என்றால் நான்கு கேபின் படகு போதாது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: முன்பணம் கட்டிய பிறகு ஸ்கிப்பர் வேண்டும் என்று தீர்மானிப்பார்கள், படுக்க இடம் இருக்காது.

நீளம் கூடினால் இடமும் கூடிவிடும் என்பது பாதிதான் உண்மை. பெனட்டோ ஓஷியானிஸ் 40.1 படகின் நீளம் 12.87 மீட்டர், அகலம் 4.18. பவேரியா க்ரூஸர் 46 நீளம் 14.27, அகலம் 4.35. நீளம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. அகலம் ஒரு சாண்கூடக் கூடவில்லை. பல 46 அடி மாடல்களில் நான்காவது கேபின், முன்பக்கத்துப் பெரிய கேபினை நடுவில் பலகை வைத்துப் பிரித்ததுதான். அதில் படுக்கும் இருவரின் கால்களும் குறுகிய முனையில் ஒன்றையொன்று உதைக்கும்.

எங்கள் பரிந்துரை: நான்கு பேருக்கு 36 முதல் 38 அடி, மூன்று கேபின், மூன்றாவது கேபின் பெட்டி படுக்கைக்கு. ஆறு பேருக்கு, ஸ்கிப்பர் இல்லாமல், 40 முதல் 42 அடி, மூன்று கேபின், இரண்டு டாய்லெட். ஆறு பேரும் ஸ்கிப்பரும் என்றால் 45, 46 அடி, நான்கு கேபின். எட்டுப் பேர் என்றால் ஒரே படகில் அடைத்துக்கொண்டு போவதைவிட 38 அடிப் படகு இரண்டு எடுப்பது சில வாரங்களில் மலிவாகவே வரும். இரண்டுக்கும் தகுதியுள்ள ஸ்கிப்பர் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

மோனோஹல்லா, கேட்டமரானா?

கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. பொருள்தான் மாறிவிட்டது: காசிமேட்டில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், அங்கே இரண்டு உடல்களுக்கு மேல் ஒரு வீடு.

கேட்டமரான் சாயாது. டம்ளரில் வைத்த காபி அப்படியே நிற்கும். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்கு இதுவே போதுமான காரணம். மோனோஹல், அதாவது ஒற்றை உடல் படகு, நல்ல காற்றில் 15 முதல் 20 டிகிரி சாய்ந்தே ஓடும். அது ஆபத்து அல்ல, படகின் இயல்பு. ஆனால் சாய்ந்த வீட்டில் வெங்காயம் நறுக்கிப் பழக்கமில்லாதவர்கள் முதல் நாள் மிரள்வார்கள்.

விலைதான் விஷயம். லகூன் 42 நீளம் 12.80 மீட்டர், அகலம் 7.70. மெரினாவில் இரண்டு படகு நிற்கும் இடத்தை ஒன்றே அடைத்துக்கொள்ளும். அதனால் பல இடங்களில் கட்டணம் ஒன்றரை, இரண்டு மடங்கு. ஆகஸ்டில் சின்னத் துறைகளில் மூன்று மணிக்கு மேல் போனால் இடமே கிடைக்காது. வாடகையும் அதே நீள மோனோஹல்லைவிட நன்றாகவே அதிகம். எதிர்காற்றில் வளைந்து வளைந்து ஏறுவதிலும் கேட்டமரான் மந்தம். பாதி நேரம் எஞ்சின்தான் ஓடும்.

ஃபூக்கெட்டுக்கு மட்டும் கேட்டமரானுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். ஃபாங் ங்கா குடாவின் வடபாகம் ஆழம் குறைந்தது, ஏற்றவற்றம் இரண்டரை மீட்டருக்கு மேல் போகும். அடியில் நீண்டு தொங்கும் கனத்த கீலுக்கு இரண்டு மீட்டர் ஆழம் தேவைப்படும் படகு போக முடியாத இடங்களுக்கு, 1.3 மீட்டரில் மிதக்கும் கேட்டமரான் போகும். மோனோஹல்லே வேண்டும் என்றால் கீல் ஆழத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரே மாடலில் ஆழமான கீலும் குட்டைக் கீலும் உண்டு.

தரைப்படத்தில் எதைப் பார்ப்பது?

எல்லாத் தளங்களிலும் படகின் தரைப்படம் இருக்கும். பின்பக்கக் கேபின் இரண்டும் காக்பிட்டுக்கு, அதாவது படகை ஓட்டுபவர் இருக்கும் திறந்த இடத்துக்கு, அடியில் இருக்கின்றன. படத்தில் கட்டில் பெரிதாகத் தெரியும். ஆனால் கால்மாட்டில் கூரை ஒரு முழ உயரம்தான். எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். எஞ்சின் படிக்கட்டுக்குப் பின்னால், இந்த இரண்டு கேபினுக்கும் நடுவில் இருக்கிறது. காலையில் பேட்டரி சார்ஜ் செய்ய எஞ்சினைப் போட்டால் அங்கே தூக்கம் போச்சு. முன் கேபினில் காற்றோட்டம் நன்றாக இருக்கும். ஆனால் நங்கூரச் சங்கிலி தலைமாட்டுக்கு அப்பால் உரசும் சத்தம் கேட்கும்.

டாய்லெட் எங்கே என்று பாருங்கள். படிக்கட்டை ஒட்டிப் பின்னால் இருப்பதே ஓடும்போது பயன்படும். முன்முனையில் இருப்பது படகு குதிக்கும்போது ஊஞ்சலாடும்.

பெட்டி வைக்க இடம் கிடையாது. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி எதுவும் கொண்டுவராதீர்கள். மடித்து வைக்கக்கூடிய துணிப் பைதான்.

பழைய படகு மலிவாக வருகிறதே, எடுக்கலாமா?

வயதைவிடப் பராமரிப்பு முக்கியம். ஐந்து வயது வரை கண்ணை மூடி எடுக்கலாம். எட்டு, பத்து வயதுப் படகு என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: பாய் எந்த ஆண்டு மாற்றியது? பேட்டரி எந்த ஆண்டு? எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? பாய்த் துணி தொய்ந்துபோனால் வயிறு பருத்து, காற்றைப் பிடித்தும் படகு முன்னே போகாமல் பக்கவாட்டில் நழுவும். பதில் சொல்லத் தயங்கும் கம்பெனியை விட்டுவிடுங்கள்.

பாய்மரத்துக்குள் சுருளும் மெயின் பாய் நல்லதா?

சார்ட்டர் படகுகளில் மெயின் பாய் இரண்டு விதம். ஒன்று, மேலே ஏற்றி இறக்கும் பழைய முறை. காற்று கூடினால் பாயின் கீழ்ப்பகுதியை மடித்துக் கட்டிச் சிறிதாக்குவார்கள். இன்னொன்று, பாய்மரத்துக்குள்ளேயே திரைச்சீலைபோல் சுருளுவது. இரண்டாவதைக் காக்பிட்டில் உட்கார்ந்தபடியே இழுக்கலாம், விடலாம். ஆள் குறைவான குடும்பத்துக்கு வசதி.

ஆனால் அது சிக்கிக்கொள்ளும். வாரக் கடைசியில் கம்பெனிக்காரர்களுக்கு வரும் தொலைபேசிகளில் இதற்குத் தனி இடம் உண்டு. காரணம் பெரும்பாலும் ஒன்றே: சுருட்டும்போது பாய் தொளதொளவென்று இருந்திருக்கும். உள்ளே மடிப்பு விழுந்த சுருள், மறுநாள் வெளியே இழுக்கும்போது பாய்மரத்தின் பிளவில் தடித்து நிற்கும். பாயின் பின் நுனியை இழுக்கும் கயிற்றை முழுசாக விட்டுவிடாமல், ஒருவர் அதைக் கையில் லேசாக இறுக்கிப் பிடித்தபடி விட, இன்னொருவர் சுருட்ட வேண்டும். பாயின் கீழ்விளிம்போடு நீளும் பூம் கட்டை தாழ்ந்தும் இருக்கக்கூடாது, மிகவும் தூக்கியும் இருக்கக்கூடாது. ஒப்படைக்கும்போது சரியான உயரம் எது என்று கேட்டு, கயிற்றில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். சிக்கிவிட்டால் கயிறு இழுக்கும் மின் வின்ச்சைப் போட்டு இழுக்காதீர்கள், துணி கிழியும். கொஞ்சம் உள்ளே சுருட்டி, கொஞ்சம் வெளியே இழுத்து, திரும்ப உள்ளே என்று பொறுமையாக ஆட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.

காற்று 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) தொடும்போதே பாயைச் சிறிதாக்கிவிடுங்கள். ‘கொஞ்சம் பார்க்கலாமே’ என்று காத்திருந்தால் அந்த வேலையே இரண்டு மடங்கு கஷ்டமாகும்.

ஸ்கிப்பர் இல்லாமல் எடுக்க என்ன சான்றிதழ் வேண்டும்?

நாட்டுக்கு நாடு மாறும். குரோஷியாவில் அங்கீகரிக்கப்பட்ட ஸ்கிப்பர் சான்றிதழும் விஎச்எஃப் ரேடியோ சான்றிதழும் கட்டாயம். கிரீஸில் ஒருவருக்குச் சான்றிதழ் வேண்டும், அவரோடு படகு ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆளும் வேண்டும். வேறு சில இடங்களில் காகிதத்தைவிட, எங்கே, எத்தனை அடிப் படகு, எத்தனை கடல் மைல் ஓட்டினீர்கள் என்ற அனுபவப் பட்டியலைத்தான் கேட்பார்கள். எதுவானாலும் முன்பணம் கட்டும் முன்பே உங்கள் சான்றிதழின் நகலை அனுப்பி, ‘இது செல்லும்’ என்று எழுத்தில் வாங்குங்கள். துறையில் போய் நின்ற பிறகு செல்லாது என்றால், அங்கேயே ஸ்கிப்பரை வைத்தாக வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வழி: ஆர்ஒய்ஏ என்ற பிரிட்டிஷ் படகோட்ட அமைப்பின் காம்பிட்டன்ட் க்ரூ பயிற்சி, ஐந்து நாள், முன் அனுபவம் தேவையில்லை. அதன் பிறகு டே ஸ்கிப்பர்: பாடப் பகுதி, அப்புறம் ஐந்து நாள் கடலில். ஃபூக்கெட், லங்காவி பக்கத்திலேயே படகில் தங்கிக் கற்கும் பயிற்சிகள் இருக்கின்றன. டே ஸ்கிப்பர் முடித்த மறுமாதமே 46 அடி எடுக்காதீர்கள். 36, 38 அடி, ஏற்றவற்றம் குறைந்த கடல், மே மாதம்.

ஸ்கிப்பர் வைத்தால் எவ்வளவு ஆகும்?

மத்தியதரைக் கடலில் நாளுக்குச் சுமார் 200 யூரோ, கூடவே அவர் சாப்பாடு. முதல் பயணத்துக்குத் தயங்காமல் வையுங்கள். எந்தக் குடாவில் எந்தக் காற்றுக்கு ஒதுங்கலாம் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் அவர் சமையல்காரர் அல்ல, பாத்திரம் கழுவமாட்டார். சைவமா, காரமா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஏழு நாளும் ரசம் சாதம் என்றால் அவரும் மனுஷர்தானே.

பவ் த்ரஸ்டர், நங்கூரம் இதையெல்லாம் கேட்டு எடுக்க வேண்டுமா?

ஆமாம், ஏசி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால்.

பவ் த்ரஸ்டர் என்பது முன்முனையைப் பக்கவாட்டில் தள்ளும் சின்ன மோட்டார். 40 அடிக்கு மேல் போனால் அது இருக்கும் படகையே எடுங்கள். இரண்டு மூன்று விநாடி அழுத்தி விட வேண்டும். விடாமல் அழுத்தினால் சூடாகி பிரேக்கர் விழுந்துவிடும், அதுவும் சரியாகத் துறைக்குள் நுழையும்போது.

கிரேக்கக் கிராமத்துத் துறைகளில் உங்கள் நங்கூரத்தை முன்னால் போட்டு, பின்பக்கமாக வந்து கட்ட வேண்டும். துறையிலிருந்து படகு நீளத்தைப்போல நான்கு மடங்கு தள்ளி நங்கூரத்தை இறக்கி, நேர்கோட்டில் மெதுவாகப் பின்னோக்கி வந்து, சங்கிலியைச் சீராக விட்டுக்கொண்டே வருவார்கள். காற்று வரும் பக்கத்துப் பின்கயிறு முதலில் கரையேற வேண்டும். புதியவர்கள் பயத்தில் நங்கூரத்தை மிக அருகில் போட்டுவிடுவார்கள். நள்ளிரவில் காற்று திரும்பும்போது அது பெயர்ந்து, படகின் பின்பக்கம் கல்லில் மோதும். ஆகவே சங்கிலி குறைந்தது 50 மீட்டர் உண்டா, எத்தனை மீட்டர் விட்டோம் என்று காட்டும் மீட்டர் உண்டா என்று கேளுங்கள். குடாவில் நிற்கும்போது ஆழத்தைப்போல ஐந்து மடங்கு சங்கிலி.

குரோஷிய மெரினாக்களில் பெரும்பாலும் நங்கூரம் தேவைப்படாது. கடலடியில் கட்டிய கயிற்றைத் துறையில் நிற்பவர் எடுத்துத் தருவார். அதைக் கொக்கியால் வாங்கி முன்முனைக்குக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அந்தக் கயிறு பின்பக்கம் இருக்கும்வரை கியர் நியூட்ரலிலேயே இருக்கட்டும். ப்ரொப்பெல்லரில் சுற்றினால் முக்குளிப்பவருக்கான காசு உங்கள் டெபாசிட்டிலிருந்து போகும்.

தண்ணீர், கரண்ட் எத்தனை நாள் வரும்?

40 அடிப் படகில் 300 முதல் 400 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஆறு பேர் வீட்டில் குளிப்பதுபோல் குளித்தால் இரண்டு நாள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: கடலில் குளித்து, பின்தட்டு ஷவரில் ஒரு அலசல், பாத்திரத்தை உப்புத் தண்ணீரில் தேய்த்து, கடைசியில் மட்டும் நல்ல தண்ணீர். மூன்று, நான்கு நாள் தாங்கும். குடிக்கக் கேன் தனியாக வாங்குங்கள்.

220 வோல்ட் மெரினாவில் ஒயர் செருகினால்தான். கடலில் 12 வோல்ட் பேட்டரிதான், அதை அதிகம் தின்பது ஃப்ரிட்ஜ். நங்கூரத்தில் தங்கும் நாளில் எஞ்சினை இரண்டு மணி நேரம் ஓட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டியிருக்கும். சோலார் தகடு உள்ள படகு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் எடுக்கலாம். காரில் செருகும் யுஎஸ்பி சார்ஜர் இரண்டு கொண்டுபோங்கள்.

குக்கர், மிக்ஸி, இட்லி மாவு?

மிக்ஸி வேண்டாம். 500, 750 வாட் இழுக்கும் சாமானுக்கு இன்வெர்ட்டர் வேண்டும். பல படகுகளில் அது இல்லை, இருந்தாலும் சிறியது. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்புத் தொக்கு என்று அரைத்து முடித்ததாகக் கொண்டுபோங்கள்.

அடுப்பு இரண்டு பர்னர், படகு சாய்ந்தாலும் தான் சாயாமல் ஊசலாடும். பர்னர் சின்னது, 3 லிட்டர் குக்கர் ஒன்று உட்காரும், பக்கத்தில் அகலமான வாணலி வைக்க இடம் இருக்காது. பாத்திரத்தைப் பிடிக்கும் கம்பிகளை மாட்டாமல் குக்கர் வைக்கவே கூடாது. சிலிண்டர் பெரும்பாலும் 3 கிலோவுக்கு உள்பட்டது, எனவே உபரி ஒன்று உண்டா என்று பாருங்கள். சமைத்து முடித்தால் வால்வை மூடுங்கள்: எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடித்தட்டில் தேங்கி நிற்கும், வீட்டைப்போலக் கதவு, ஜன்னலைத் திறந்தால் வெளியேறாது.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் நெய், பால்கோவா, கருவாடு கலந்த மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவர அனுமதி இல்லை. கருவாட்டுக்கு விதி வேறு, அளவு வரம்பும் உண்டு. பச்சைக் கருவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் ஆகாது. காயவைத்துப் பொடியாகக் கொண்டுபோங்கள்.

டாய்லெட் அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே?

அடைக்கும், ஆளால்தான். குழாய் உள்விட்டம் நம் வீட்டுக் குழாயில் பாதிகூட இருக்காது. வாய் வழியாகப் போகாத எதுவும் அதில் போகக்கூடாது: டிஷ்யூ, நாப்கின், தலைமுடி எல்லாம் தனிப் பையில். ஒவ்வொரு முறையும் 15, 20 தடவை பம்ப் அடியுங்கள்; அஞ்சாறு அடித்துவிட்டு வந்தால் குழாயின் வளைவிலேயே தங்கிவிடும். கழிவுத் தொட்டியின் வால்வைத் துறையிலும் குடாவிலும் மூடிவைத்து, கரையிலிருந்து தள்ளிப்போய்த் திறக்க வேண்டும். அப்புறம் திறக்க மறப்பவர்களும் உண்டு. நிரம்பிய தொட்டியில் பலமாகப் பம்ப் அடித்தால் என்ன ஆகும் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

வாடகைக்கு மேல் என்னென்ன கட்ட வேண்டும்?

இறுதிச் சுத்தம், படுக்கை விரிப்பு, கரைக்குப் போய்வரும் குட்டிப் படகான டிங்கிக்கு மாட்டும் அவுட்போர்டு மோட்டார், சுற்றுலா வரி, டீசல், மெரினாக் கட்டணம். டீசல் மணிக்கு 3, 4 லிட்டர்.

பெரிய தொகை டெபாசிட். 40 அடிப் படகுக்கு 1,500 முதல் 3,000 யூரோ வரை கிரெடிட் கார்டில் பிடித்துவைப்பார்கள். டெபிட் கார்டு பல இடங்களில் செல்லாது. நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. ஆப்பில் திறந்து, வரம்பையும் மூன்று லட்சத்துக்கு மேல் ஏற்றிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். சனிக்கிழமை மாலை துறையில் நின்றுகொண்டு வங்கியை அழைத்தால் இங்கே ராத்திரி. டெபாசிட்டைக் குறைக்கும் காப்பீடு விற்பார்கள். அதில் டிங்கி, அவுட்போர்டு, பாய்க் கிழிசல் அடங்குமா என்று படித்துப் பாருங்கள்.

விசாவில் படகுக்கென்று தனிச் சிக்கல் உண்டா?

இரண்டு உண்டு. ஒன்று, எல்லை. கிரீஸின் கோஸ் தீவிலிருந்து துருக்கியின் போத்ரும், குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கிலிருந்து மாண்டினீக்ரோ எல்லாம் கூப்பிடு தூரம்தான். ஆனால் அது ஷெங்கனை, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லையை, விட்டு வெளியேறுவது. ஒற்றை நுழைவு விசா என்றால் திரும்பி நுழைய முடியாது. குரோஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கனுக்குள் இருக்கிறது.

இன்னொன்று, இனிஷியல். படகின் ஆள் பட்டியலில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருப்பவர்கள், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லி கம்பெனிக்கு நகல் அனுப்புங்கள். ஸ்கிப்பர் சான்றிதழில் ‘எஸ்.’ என்றும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்தும் இருந்தால் துறைமுக அலுவலகத்தில் கேள்வி வரும். பயிற்சிக்குச் சேரும்போதே பாஸ்போர்ட் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

பொதுவாகப் பாதிப் பணம் முன்பதிவின்போது, மீதி புறப்பட நாலைந்து வாரம் இருக்கும்போது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மீதிப் பணத்துக்கு முன் விசா கையில் வரும்படி தேதியை அமையுங்கள்.

வாந்தி வருமா?

சிலருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு நாள். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, கிளம்பும் முன்பே போட வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் நிற்காது. கேபினுக்குள் போய்ப் படுத்து மொபைல் பார்ப்பது நேராக வாந்திக்குப் போகும் வழி. மேலே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், முடிந்தால் சுக்கான் சக்கரத்தைப் பிடியுங்கள்.

ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம்?

15 முதல் 20 கடல் மைல், நாலு மணி நேர ஓட்டம். அதற்கு மேல் போட்டால் பிள்ளைகள் கலகம் செய்வார்கள்.

அப்பா, அம்மாவுக்கு எழுபது வயது. அழைத்துப் போகலாமா?

மோனோஹல்லில் யோசியுங்கள். உள்ளே இறங்கும் படி ஏணிபோல நிமிர்ந்திருக்கும், ஐந்தாறு படி. கரைக்கு இறங்கப் போடும் பலகை ஒரு முழத்துக்கும் குறைவான அகலம், கைப்பிடி பல படகில் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கேட்டமரான், அதுவும் தினமும் மெரினாவில் கட்டும் திட்டம். குழந்தைகளுக்கு அவர்கள் எடையைச் சொல்லி லைஃப் ஜாக்கெட்டை முன்கூட்டியே கேளுங்கள். பெரியவர்களுடையது சின்ன உடம்பில் நழுவி மேலேறிவிடும்.

படகை ஒப்புக்கொள்ளும்போது எதைச் சோதிப்பது?

மத்தியதரைக் கடலில் வழக்கம் சனிக்கிழமை மாலை 5 மணி. எல்லோருக்கும் அதே நேரம் என்பதால் ஒப்படைக்கும் பையன் அவசரத்தில் இருப்பான். விடாதீர்கள், ஒன்றரை மணி நேரம் எடுங்கள். ஒருவர் படகைச் சுற்றி, கீறல் ஒவ்வொன்றையும் வீடியோ எடுக்கட்டும். இன்னொருவர் கடைக்குப் போகட்டும். ஸ்கிப்பர் மட்டும் அவனோடு இருக்கட்டும்.

எஞ்சினைப் போட்டு, பின்னால் புகைக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று பாருங்கள். துப்பவில்லை என்றால் குளிர்விக்கும் கடல்நீர் போகவில்லை. வடிகட்டியில் பாசி அடைத்திருக்கும், இல்லையேல் பம்பின் ரப்பர் இறக்கை போயிருக்கும். நங்கூரத்தை இறக்கி ஏற்றிப் பாருங்கள், அதன் பிரேக்கர் எந்தப் பெட்டிக்குள் என்று தொட்டுப் பாருங்கள். இரண்டு பாயையும் துறையிலேயே, காற்று இல்லாத நேரத்தில், முழுக்க விரித்துப் பாருங்கள். தரையிலுள்ள மூடியைத் திறந்து அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறதா, நின்றால் உப்பா நல்ல தண்ணீரா என்று விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்பு என்றால் வெளியிலிருந்து வருகிறது. நல்ல தண்ணீர் என்றால் உங்கள் தொட்டி கசிகிறது. அவுட்போர்டையும் ஒரு தடவை ஓடவிடுங்கள்.

பார்த்த குறைகளைப் பட்டியலில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்து.

திரும்பக் கொடுக்கும்போது?

சனிக்கிழமை காலை 9 மணி என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், வெள்ளி மாலை 5, 6 மணிக்கே புறப்பட்ட துறைக்கு வந்துவிடச் சொல்வார்கள். கடைசி நாள் ஓட்டத்தை 10 கடல் மைலுக்குள் வையுங்கள். டீசல் பங்க்கில் வெள்ளி மாலை வரிசை நிற்கும். மூன்று மணிக்கே போய்விட்டால் நிற்க வேண்டாம். முக்குளிப்பவர் கீலையும் சுக்கானையும் பார்த்து வருவார். எங்காவது தரை தட்டியிருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மறைத்துக் கண்டுபிடிக்கப்பட்டால் காப்பீடு நிற்காது. டெபாசிட் விடுவித்த சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டே டாக்ஸி ஏறுங்கள். கார்டில் பிடித்த தொகை விடுபடச் சில நாளாகும். அதுவரை அந்தச் சீட்டுதான் சாட்சி.